சுரண்டினால் வரும் எண்ணும் காசுதான்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த சுய உதவிக் குழு உறுப்பினர் கூட்டத்தில், கூட்டமைப்பு நிர்வாகிகள் சார்பில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்று கொஞ்சம் வேறு விஷயம். குழுக்களைப் பார்வையிடப் போகும்போதெல்லாம் உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது: "அக்கா, பேங்க் கார்டு எதுவும் வேண்டாமாம். கடையில காசு கொடுத்து ஒரு நம்பர் வாங்கினா போதுமாம், ஆன்லைன்ல எல்லாம் கட்டிடலாமாம். அது நிஜமா? நம்பலாமா?"

நிஜம்தான். நம்பலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கையில் வாங்கும் எண் உங்கள் பெயரோடு கட்டப்பட்டதா, இல்லை யார் கையில் இருந்தாலும் செல்லுபடியாகிற எண்ணா? இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இதைத்தான் இன்று விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

நமக்குப் பழகிய விஷயம்தான்

2000-களில் செல்போன் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ரீசார்ஜ் கூப்பன் தொங்கும். காசு கொடுத்து வாங்கி, நாணயத்தால் சுரண்டினால் ஒரு நீளமான எண் வரும். அதைப் போனில் அடித்தால் பேசுவதற்குப் பணம் ஏறிவிடும். வங்கிக் கணக்கு கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை. முதலில் காசு, பிறகு பேச்சு. இதற்குப் பெயர்தான் 'பிரீபெய்டு', அதாவது முன்கூட்டியே கட்டிய பணம்.

நம்ம ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் நிலையங்களிலிருந்து சென்னைக்குப் போய்வரும் சகோதரிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிக்கெட் எடுக்கும் தானியங்கி மெஷினுக்கு ரயில்வே ஒரு ஸ்மார்ட் கார்டு கொடுக்கிறது. கவுண்டரில் ரொக்கம் கொடுத்து அதில் பணம் ஏற்றிக்கொள்கிறோம். பிறகு வரிசையில் நிற்காமல் மெஷினில் கார்டை வைத்து டிக்கெட் எடுக்கிறோம். கையில் இருந்த ரொக்கம் மெஷினுக்குப் புரியும் பணமாக மாறிவிட்டது. ஆன்லைன் வவுச்சர் செய்வதும் இதே வேலைதான்.

கடைத்தெருவிலிருந்து கம்ப்யூட்டருக்கு

2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. டிக்கெட் இணையத்துக்கு வந்துவிட்டது, சரி. பணம் எப்படிக் கட்டுவது? கிரெடிட் கார்டு வேண்டும், இல்லாவிட்டால் நெட் பேங்கிங் வேண்டும். அப்போது நம்மில் எத்தனை பேரிடம் அது இருந்தது? கையில் ரொக்கம் இருந்தும் டிக்கெட் எடுக்க முடியாத நிலை.

அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் கேஷ் கார்டு. 2006-இல் எஸ்ஸெல் குழுமம் 'இட்ஸ் கேஷ்' என்ற கார்டைக் கொண்டுவந்தது. டன் கார்டு, ஐ-கேஷ் கார்டு, ஆக்ஸிகேஷ் என்று வேறு சிலவும் வந்தன. கடையில் ரொக்கம் கொடுத்துக் கார்டு வாங்க வேண்டும். சுரண்டி ரகசிய எண்ணைப் பார்க்க வேண்டும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தில் 'கேஷ் கார்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணை அடித்தால் டிக்கெட் கைக்கு வந்துவிடும். போன் ரீசார்ஜ், டி.டி.எச். கட்டணம் எல்லாமே இப்படிக் கட்ட முடிந்தது. பிறகு 2017-இல் இட்ஸ் கேஷை அமெரிக்காவின் எபிக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இது ஏழை நாட்டு ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் 2000-ஆம் ஆண்டிலேயே 'பேசேஃப்கார்டு' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கேயும் கடையில் ரொக்கம் கொடுத்தால் 16 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இங்கிலாந்தில் 2005-இல் 'யூகேஷ்' வந்தது. பணக்கார நாடுகளிலும் கார்டு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கார்டு எண்ணை இணையத்தில் கொடுக்கப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்றைக்கு நிலைமை நிறைய மாறிவிட்டது. 2014-இல் ஜன்தன் திட்டம் தொடங்கியபின் வங்கிக் கணக்கு பரவலாகிவிட்டது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. இளநீர்க் கடையில்கூட ஸ்கேன் செய்கிறோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை நேராகக் கணக்குக்கே வருகிறது. அப்படியானால் கூப்பன் கதை முடிந்துபோனதா? இல்லை. 'கிஃப்ட் கார்டு', 'வவுச்சர்', 'வாலட்', 'ரீடீம் கோடு' என்று வேறு வேறு பெயர்களில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெயர் மாறியதால் பலருக்கு அது பணம் என்றே தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வகை, சில விதிகள்

இந்த முன்பணக் கருவிகளைப் பற்றி 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி விதிகள் போட்டிருக்கிறது. முதல் விதிமுறை 2009 ஏப்ரலில் வந்தது. பிறகு 2017-லும் 2021-லும் புதுப்பித்தார்கள். மொத்தம் மூன்று வகை என்று புரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, ஒரு நிறுவனம் தன் கடையில் மட்டும் செல்லுபடியாகும்படி கொடுப்பது. துணிக்கடை கொடுக்கும் பரிசுக் கூப்பன் மாதிரி. இந்த வகைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதனால் கொடுத்தவர் யார், எவ்வளவு நம்பலாம் என்று நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, பல கடைகளிலும் பல இணையதளங்களிலும் செல்லும். ஆனால் ரொக்கமாக எடுக்க முடியாது. போனில் இருக்கும் வாலட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டும் இதில்தான் வரும்.

மூன்று, வங்கி கொடுக்கும் பிரீபெய்டு கார்டு. இதை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணமும் எடுக்கலாம்.

2021 விதிகளில் நமக்கு வேண்டியவற்றை மட்டும் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

போன் எண்ணும் ஒரு அடையாள அட்டை எண்ணும் மட்டும் கொடுத்துத் திறக்கும், ரொக்கம் போடக்கூடிய சிறு வாலட்டில் எந்த நேரத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. அதில் பொருள், சேவை மட்டும் வாங்கலாம். இன்னொருவர் கணக்குக்கு அனுப்ப முடியாது. முழு அடையாளச் சரிபார்ப்பு செய்தபின் 2 லட்சம் ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம்.

கிஃப்ட் கார்டு ஒன்றின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாகவும் மாற்ற முடியாது.

இந்தக் கருவிகள் குறைந்தது ஓராண்டுக்காவது செல்லுபடியாக வேண்டும். எப்போது காலாவதி என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உள்ளே இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆகவே இது சேமிப்பு இல்லை, செலவுக்கு எடுத்துவைத்த பணம்.

கூப்பனா, டோக்கனா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பொங்கலுக்கு ரேஷன் கடையில் பரிசுத் தொகுப்பு வாங்க டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா? அந்தத் துண்டுச் சீட்டு தெருவில் விழுந்து வேறொருவர் எடுத்துக்கொண்டால் அவருக்குப் பொருள் கிடைக்குமா? கிடைக்காது. குடும்ப அட்டை வேண்டும், கைரேகை வேண்டும். டோக்கன் உங்கள் பெயரோடு கட்டப்பட்டது.

ரீசார்ஜ் கூப்பன் தெருவில் விழுந்தால்? எடுத்தவர் சுரண்டி அடித்தால் அவர் போனில் பணம் ஏறிவிடும். கூப்பன் யாரையும் 'நீ யார்' என்று கேட்காது. 500 ரூபாய் நோட்டு மாதிரிதான். கையில் வைத்திருப்பவரே முதலாளி.

கிஃப்ட் கார்டும் ரீடீம் கோடும் இந்தக் கூப்பன் ஜாதி. அட்டைகூடத் தேவையில்லை, எண் மட்டும் போதும். போனில் எண்ணைச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாலும், நோட்டைக் கையில் கொடுத்ததற்குச் சமம். 'நம்பர்தானே சொன்னேன், கார்டு என்கிட்டதானே இருக்கு' என்று சொல்லிப் பயனில்லை. உங்கள் கையில் மிஞ்சியிருப்பது வெறும் அட்டை.

டோக்கன் ஜாதியிலும் இணையத்தில் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மத்திய அரசு 'இ-ருபி' என்ற மின்னணு வவுச்சரைத் தொடங்கியது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உருவாக்கியது. அரசோ நிறுவனமோ பயனாளியின் போனுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது க்யூ.ஆர். வடிவில் அனுப்பும். வங்கிக் கணக்கு வேண்டாம், ஆப் வேண்டாம், பட்டன் போன் இருந்தாலே போதும். ஆனால் எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் செல்லும். தொடக்கத்தில் தனியார் மருத்துவமனைகளில் கொரோனா தடுப்பூசிக்காகக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்த் துணி வாங்க முடியாது. பயன்படுத்தும் நேரத்தில் பயனாளியின் போனுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணும் வரும். 2022-இல் அரசு கொடுக்கும் இ-ருபியின் உச்சவரம்பை 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது.

இரண்டும் வவுச்சர்தான். இரண்டும் போனில் வரும் எண்தான். ஒன்றைத் திருடினாலும் பயன்படுத்துவது கஷ்டம். இன்னொன்றைச் சொன்னாலே போச்சு. அதனால் எந்த வவுச்சர் வந்தாலும் முதல் கேள்வி: "இது என் பெயருக்கா, இல்லை யாருக்கு வேண்டுமானாலுமா?"

ஏமாற்றுக்காரருக்கு ஏன் கூப்பன் பிடிக்கிறது?

யோசித்துப் பாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போனால் அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் இருக்கும், தடம் இருக்கும், சீக்கிரம் புகார் செய்தால் நிறுத்திவைக்க வழி இருக்கும். கூப்பன் எண்ணுக்குப் பெயர் இல்லை. சொன்ன சில நிமிஷத்திலேயே அதை வைத்து எதையாவது வாங்கிவிடுவார்கள், அல்லது வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டும் இதைச் செய்யலாம்.

2022-இல் தமிழ்நாட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயர் அதிகாரிகளின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாக அமேசான் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு" என்று கீழே வேலை பார்ப்பவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு அவர்களின் படத்தையே வைத்துக்கூட இந்த மோசடி நடந்தது. 'பாஸ் ஸ்கேம்' என்று சொல்லி அவரே மக்களை எச்சரித்தார். படித்தவர்கள், அரசு வேலையில் இருப்பவர்களையே குறிவைத்திருக்கிறார்கள் என்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

வெளிநாட்டுக் கதையும் இதேதான். 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் ஐரோப்பாவில் ஒரு வைரஸ் பரவியது. கம்ப்யூட்டர் திரை முழுக்கப் போலீஸ் முத்திரை வரும். 'நீ குற்றம் செய்துவிட்டாய், யூகேஷ் அல்லது பேசேஃப்கார்டு எண் மூலம் அபராதம் கட்டு' என்று மிரட்டும். பயந்துபோய்க் கட்டியவர்கள் ஏராளம். யூகேஷ் 2015-இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் 'மணிபேக்' என்ற சுரண்டும் எண் முறையை, மோசடி அதிகமானதால் அதை நடத்திய நிறுவனமே 2015 வாக்கில் நிறுத்தியது. ஆனாலும் கிஃப்ட் கார்டு மோசடி ஓயவில்லை. அந்த நாட்டின் வணிக ஆணையத்துக்கு 2023-இல் வந்த புகார்களின்படி கிஃப்ட் கார்டு வழியாக மக்கள் இழந்த தொகை 20 கோடி டாலருக்கும் மேல்.

நம்ம பகுதிக்கு வருவோம். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. பீகார், ஒடிசா என்று வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. வேலை தேடுகிறவருக்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "கம்பெனியில் இடம் ரெடி. யூனிஃபார்முக்கும் மெடிக்கலுக்கும் 2,000 ரூபாய் டெபாசிட். கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பும்மா, சம்பளத்தோடு திருப்பித் தந்துடுவோம்." உடனே புரிந்துகொள்ள வேண்டும், இது மோசடி. எந்தத் தொழிற்சாலையும், எந்த அரசு அலுவலகமும், எந்த வங்கியும், எந்தக் காவல் நிலையமும் கிஃப்ட் கார்டு எண்ணாகப் பணம் கேட்காது. மின்கட்டணம், லோன் தவணை, பார்சல் அபராதம் என்று என்ன காரணம் சொன்னாலும் சரி. எண்ணாகக் கேட்டால் ஏமாற்று. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

வீட்டுப் பிள்ளைகள் விஷயமும் உண்டு. போன் விளையாட்டில் துப்பாக்கி, உடை, வைரம் வாங்க ரீடீம் கோடு கேட்பார்கள். 100, 200 என்று போகும்போது தெரியாது. மாதக் கடைசியில் கூட்டினால்தான் தெரியும். பணம் கட்டிச் சூதாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் இயற்றியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளை கையில் கோடு எப்படி வந்தது என்று கேட்க வேண்டியது வீட்டில்தான்.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரவில்லை. நம் பெண்களுக்கு முன்பண முறையில் ஒரு நிஜமான நன்மை இருக்கிறது. அதையும் மனம்விட்டுப் பேசுவோம்.

அக்கவுண்ட் நம்ம பேர்ல இருக்கு. ஆனா போன்? பல வீடுகளில் போன் வீட்டுக்காரர் கையிலோ மகன் கையிலோ இருக்கிறது. ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் வரும். யு.பி.ஐ. பின் நம்பரும் அவர்களுக்குத் தெரியும். பாஸ்புக்கில் நம் பெயர், பணத்தில் அவர்கள் கை. இப்படி இருக்கிற பெண் தன் சொந்தக் காசில் மகளின் தேர்வுக் கட்டணத்தை ஆன்லைனில் கட்ட வேண்டும் என்றால் யாரிடமோ கெஞ்ச வேண்டும். கையில் ரொக்கம் கொடுத்தால் வேலை முடிகிற வழி ஒன்று இருந்தால் அவளுக்கு அது பெரிய விடுதலை.

இன்னொரு நன்மை, இழப்புக்கு எல்லை கட்டலாம். கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது. அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு எண்ணைத் தெரியாத இணையதளத்தில் கொடுத்தால் ஆபத்து 40,000-க்கும் உண்டு. தனியாக ஒரு வாலட்டில் 500 ரூபாய் ஏற்றி அதிலிருந்து கட்டினால், மோசம் போனாலும் போவது 500 தான். சந்தைக்குப் போகும்போது பீரோச் சாவியையா எடுத்துப் போகிறோம்? சுருக்குப் பையில் வேண்டிய காசைத்தானே முடிந்துகொள்கிறோம்? அந்த மாதிரிதான்.

அதனால் எங்கள் யோசனை இது.

முதலில், உங்கள் பெயரில் ஒரு சிம், உங்கள் கையில் ஒரு போன். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் யு.பி.ஐ. 123 பே என்ற வசதியை 2022 மார்ச் 8-ஆம் தேதி, மகளிர் தினத்தன்றே ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. வங்கிக் கணக்கோடு உங்கள் எண்ணைத்தான் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, வாலட்டோ பிரீபெய்டு கார்டோ எடுத்தால் உங்கள் பெயரில், உங்கள் அடையாளத்தில் எடுங்கள். கடைக்காரர் பெயரில் இருக்கும் கணக்கில் 'போட்டு வைக்க' வேண்டாம்.

மூன்றாவது, கிஃப்ட் கார்டு வாங்குவதானால் நேரில் கொடுக்கப் போகிற பரிசுக்கு மட்டும் வாங்குங்கள். கடையில் வாங்கும்போது சுரண்டும் பட்டை ஏற்கெனவே கீறியிருக்கிறதா, கவர் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நான்காவது, நெட் சென்டரில் கட்டணம் கட்டச் சொன்னால், கட்டிய ரசீதைக் கையோடு வாங்குங்கள். 'கட்டியாச்சு போம்மா' என்பது ரசீது ஆகாது. ரசீதில் உங்கள் மகளின் பெயர், தொகை, தேதி, பரிவர்த்தனை எண் நான்கும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்குக் கேஷ்பேக் வந்திருக்கு, பின் போடுங்க" என்றால் பணம் வரப்போவதில்லை, போகப்போகிறது.

குழுப் பணம் எங்கே இருக்க வேண்டும்?

'வங்கிக்குப் போக நேரமில்லை, சந்தா எல்லாத்தையும் ஊக்குநர் அக்கா வாலட்ல போட்டுடலாமா' என்று சில குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. குழுப் பணம் குழுவின் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

ஏன்? வாலட் ஒருவர் பெயரில் இருக்கும். குழுக் கணக்கில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. அந்தக் காவல் வாலட்டில் இல்லை. வட்டியும் கிடைக்காது. இன்னொன்றும் சொல்கிறோம். 2024 ஜனவரி 31-ஆம் தேதி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. மார்ச் 15-க்குப் பிறகு அந்த வங்கியின் கணக்கிலோ வாலட்டிலோ புதிதாகப் பணம் போட முடியாமல் போனது. இருந்த பணத்தை எடுக்கவும் செலவு செய்யவும் அனுமதி இருந்தது, பணம் மூழ்கவில்லை. ஆனாலும் நாடு முழுக்க எவ்வளவு பதற்றம்! பெரிய பெயராக இருந்தாலும் ஒரே நாளில் விதி மாறலாம். சுருக்குப் பையில் சில்லறை இருக்கலாம், குழுவின் சேமிப்பு இருக்கக் கூடாது.

ஏமாந்துவிட்டால்?

முதல் வேலை, அழுதுகொண்டு உட்காராமல் போனை எடுத்து 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. கூடவே கார்டைக் கொடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கும் சொல்லி, எண் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்தால் முடக்கச் சொல்லுங்கள். அட்டை, பில், வந்த செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவையே சாட்சி.

ரிசர்வ் வங்கியின் 2019 ஜனவரி விதி ஒன்று இருக்கிறது. வாலட்டில் நம் தவறு இல்லாமல், வெளியாள் ஒருவர் புகுந்து பணம் எடுத்துவிட்டால், செய்தி வந்த மூன்று நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு இழப்பு கிடையாது. ஆனால் ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை போன பணம் நம் பொறுப்பு. புகாருக்குப் பிறகு போனால் நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது வேலை, குழுவினுடையது. ஏமாந்து வந்த சகோதரியைத் திட்டாதீர்கள். 'படிச்சிருந்தும் இப்படிப் பண்ணிட்டியே' என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். வீட்டுக்குப் பயந்து மறைப்பாள். மறைத்ததை ஈடுகட்டக் கந்துவட்டிக்குப் போவாள். 2,000 ரூபாய் இழப்பு 20,000 ரூபாய்க் கடனாக மாறுவது இப்படித்தான். மோசடிக்காரரின் பெரிய பலமே நம் வெட்கம்தான். குழுவில் தைரியமாகச் சொல்ல முடிந்தால் அந்தப் பலம் பாதியாகக் குறைந்துவிடும்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்

சகோதரிகளே, கேட்டுவிட்டுக் கலைந்துபோனால் நாளைக்கு மறந்துவிடும். ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. எந்த உறுப்பினரும் கிஃப்ட் கார்டு எண்ணையோ, ரீடீம் கோடையோ, ஓ.டி.பி.யையோ போனில் யாருக்கும் சொல்ல மாட்டோம். 'அவசரம்' என்று யார் கேட்டாலும், ஒரு உறுப்பினரிடமாவது சொல்லிக் கேட்ட பிறகே பணம் கொடுப்போம்.

2. குழுப் பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கைத் தவிர வேறெங்கும் வைக்க மாட்டோம்.

3. சொந்தப் பெயரில் சிம் இல்லாத உறுப்பினர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவராக வாங்க உதவி செய்வோம். படிக்கத் தெரிந்த ஒரு உறுப்பினர், எஸ்.எம்.எஸ். படிக்கத் தெரியாத இரண்டு உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவது தீர்மானம்தான் கொஞ்சம் உழைப்பு கேட்கும். ஆனால் அதுதான் நிலைக்கும். கையெழுத்துப் போடத் தெரியாமல் குழுவுக்கு வந்து, இன்று வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கையெழுத்தைக் கற்றுக்கொண்ட கைக்கு நாலு பட்டன் ஒரு பெரிய விஷயமா?

பணம் நோட்டாக இருந்தது, கூப்பனாக வந்தது, இப்போது எண்ணாக இருக்கிறது. உழைத்துச் சம்பாதித்தவள் நீங்கள். நோட்டை எப்படி முந்தானையில் முடிந்து காத்தீர்களோ, எண்ணையும் அப்படியே காத்துக்கொள்ளுங்கள்.

 சந்தேகம் இருந்தால் உங்கள் குழுப் பிரதிநிதி மூலம் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பதில் தருகிறோம்.